வலி இல்லையா, வலி நினைவில் இல்லையா? ஹூக்ளியில் தொடங்கிய ஒரு கேள்வி

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஸ்கேன் பார்த்த சர்ஜன், எடுத்துவிடுவதுதான் நல்லது, லேப்ராஸ்கோப்பிதான், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். அங்கே எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அம்மா, ஆட்டோ சி.டி.எச். சாலையில் அம்பத்தூரைத் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

"எனக்கு ஆபரேஷன் வேணாம்டா."

"வலி தாங்கலைன்னு நீதானேம்மா சொன்ன?"

"வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும். மயக்க ஊசி போட்டு என்னைப் படுக்க வெச்சுடாதீங்க."

காரணம் எனக்குத் தெரியும். 1987-இல் அம்மாவுக்கு கர்ப்பப்பையை எடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. நடு ஆபரேஷனில் தனக்கு விழிப்பு வந்துவிட்டது என்பது அம்மா சொல்லும் கதை. கண்ணைத் திறக்க முடியவில்லை. விரலை அசைக்க முடியவில்லை. கத்த வாய் வரவில்லை. ஆனால் பக்கத்தில் இரண்டு பேர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கிடைக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. வயிற்றுக்குள் யாரோ கையை விட்டு இழுப்பது தெரிந்தது. "செத்துட்டேன், உயிர் மட்டும் உள்ளே மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்" என்பார்.

மறுநாள் நர்ஸிடம் சொல்லியிருக்கிறார். "கனவு கண்டிருப்பீங்கம்மா" என்று பதில். அப்பாவிடம் சொன்னார். "பொழச்சு வந்தியே, அதைப் பாரு" என்றார் அப்பா. நானும் வளர்ந்து, பி.இ. முடித்து, விவரம் தெரிந்தவனாகி, மனதுக்குள் அதே நர்ஸ் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மயக்கத்தில் இருந்தவருக்கு எப்படிக் கேட்கும்?

இங்கே வழக்கமாக நம் பக்கத்து ஏரிகள், ரயில் பாதை, பழைய தொழிற்சாலைகள் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்காக மயக்க மருந்தின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, சம்மதிக்க வேண்டியவன் நான்தான் என்று ஆகிவிட்டது. நான் டாக்டர் இல்லை. இது மருத்துவ ஆலோசனையும் இல்லை. ஒரு கேள்வியின் வரலாறு, அவ்வளவுதான்.

ஒரே சொல், இரண்டு பொருள்

முதலில் நம் மொழியில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மயங்கி விழுந்தால் "நினைவு இழந்தார்" என்கிறோம். பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வரவில்லை என்றாலும் "நினைவில்லை" என்கிறோம். இப்போது விழித்திருக்கிறேன், உணர்கிறேன் என்பதும் நினைவுதான். அப்போது நடந்தது மனதில் பதிந்திருக்கிறது என்பதும் நினைவுதான்.

இரண்டும் வேறு வேறு. என் தொழிலில் இதை விளக்குவது சுலபம். ஒரு ப்ரோக்ராம் ராத்திரி முழுக்க ஓடியதா என்று பார்க்க, காலையில் லாக் ஃபைலைத் திறப்போம். அதில் ஒன்றுமே இல்லை. உடனே "ஓடவே இல்லை" என்று சொல்லும் ஜூனியர்கள் உண்டு. ஓடாமலும் இருந்திருக்கலாம். ஓடியும் லாக் எழுதும் பகுதி மட்டும் நின்றுபோயிருக்கலாம். காலியான லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது.

ஆபரேஷன் முடிந்து எழுந்தவர் "ஒண்ணுமே தெரியலை" என்று சொன்னால், அவருக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லையா, தெரிந்தது பதியவில்லையா? இதை இந்தியாவில் அரசாங்கமே குழு போட்டுப் பார்த்த காலம் ஒன்று உண்டு. ஈதர் இங்கே வந்து சேர்வதற்கு முன்பே அது நடந்தது.

ஹூக்ளி, 1845

ஜேம்ஸ் எஸ்டெய்ல் ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவில் படித்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர். கல்கத்தாவுக்கு வடக்கே ஆற்றங்கரையில் உள்ள ஹூக்ளியில் வேலை பார்த்தார். அங்கிருந்த சிறைக் கைதிகளுக்கும் அவர்தான் வைத்தியம். 1845 ஏப்ரல் 4-ஆம் தேதி அவரிடம் வந்த கைதியின் பெயர் மாதப் கௌரா. இரண்டு பக்கமும் விரைவீக்கம். மருந்தை உள்ளே செலுத்தியதும் வலியில் துடித்தார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று எஸ்டெய்ல், தான் படித்திருந்த, ஆனால் யாரும் செய்து ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு முறையை முயன்றார். அதுதான் மெஸ்மெரிசம். நோயாளியின் உடலுக்கு மேலே, தொடாமல், தலையிலிருந்து கீழ்நோக்கி மெதுவாகக் கைகளை ஓட்டிக்கொண்டே இருப்பது. கொஞ்ச நேரத்தில் மாதப் கௌரா அசைவில்லாமல் கிடந்தார். ஊசியால் குத்தியும் எழவில்லை.

அதன் பிறகு எஸ்டெய்லை நிறுத்த முடியவில்லை. வங்காளத்தில் யானைக்கால் நோய் அதிகம். அதே நோயால் ஆண்களுக்கு விரைப்பையில் பெரிய கட்டிகள் வளரும், நடக்கவே முடியாத அளவுக்கு. அவற்றை வெட்டி எடுத்தால் வலியும் ரத்த இழப்புமே பலரைக் கொன்றுவிடும். எஸ்டெய்ல் தன் உள்ளூர் உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இருட்டு அறையில் அவர்கள் மணிக்கணக்கில், சில பேருக்கு நாள்கணக்கில், கையை ஓட்டுவார்கள். நோயாளி மயங்கிய பிறகு எஸ்டெய்ல் கத்தியோடு வருவார். 1846-இல் வந்த அவருடைய புத்தகத்தில் வலியில்லாமல் செய்ததாக 73 அறுவை சிகிச்சைகளின் பட்டியல் இருக்கிறது.

புத்தகம் பரபரப்பானது. கல்கத்தாவின் டாக்டர்கள் பலர் சிரித்தார்கள். அந்த ஆண்டே அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. குழுவில் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஓஷாக்னெஸி. இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். காலராவில் உடல் இழக்கும் உப்பையும் நீரையும் நரம்பு வழியே ஏற்றலாம் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர். 1839-இல் கஞ்சாவின் மருத்துவப் பயன் பற்றி எழுதியவர். பிறகு டாக்டர் வேலையிலிருந்து தாவி, கல்கத்தாவிலிருந்து பம்பாய், மதராஸ் வரை தந்திக் கம்பி இழுத்தவர். நம் ஐ.டி. பரம்பரைக்கு அவரைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

குழு என்ன பார்த்தது என்பதுதான் விஷயம். தேர்ந்தெடுத்த பத்து நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். சிலர் நாள்கணக்கில் முயன்றும் மயங்கவே இல்லை. மயங்கியவர்களில் சிலர் கத்தி பட்டபோது கல் மாதிரி கிடந்தார்கள். வேறு சிலர் அப்படி இல்லை. கைகள் வெட்டி இழுத்தன. உடல் நெளிந்தது. முகம் கோணி, வேதனையை அடக்குவது போல விகாரமாக ஆனது. பெருமூச்சு வந்தது. பார்த்தவர்களுக்கு அது வலி என்பதில் சந்தேகமே வரவில்லை. ஆனால் எழுந்த பிறகு கேட்டால், வலியா, எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார்கள் அவர்களும்.

இதை என்னவென்று எழுதுவது? எஸ்டெய்ல் தரப்பு வாதம் எளிமையானது. வலி என்பது நோயாளிக்குத்தான் தெரியும், அவரே இல்லை என்கிறார், பிறகென்ன? எதிர்த்தரப்பு வாதமும் எளிமையானதுதான். அவர்கள் நடிக்கிறார்கள், துரையைத் திருப்திப்படுத்தப் பொய் சொல்கிறார்கள். கைதியோ ஏழையோ, வெள்ளைக்கார டாக்டர் முன்னால் "வலித்தது" என்று சொல்லத் தயங்கியிருக்கலாம் என்பது எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் வலித்திருக்கலாம், அது பதியாமல் போயிருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. எஸ்டெய்லும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வலி இருந்தது.

அரசு இரண்டுக்கும் நடுவே நின்றது. 1846 நவம்பரில், கல்கத்தாவில் ஓராண்டு சோதனைக்காக எஸ்டெய்லுக்கு ஒரு சின்ன மருத்துவமனையைக் கொடுத்தது. அதற்குச் சில வாரம் முன்பு, அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளியை ஈதர் முகரவைத்து, சர்ஜன் அவர் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டியிருந்தார். செய்தி கப்பலேறி வந்தது. 1847 மார்ச் 22 அன்று கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் ஈதர் மயக்கம் கொடுக்கப்பட்டது. மேற்பார்வை பார்த்தவர், அதே ஓஷாக்னெஸி. 1848 ஜனவரி 12-இல் குளோரோஃபார்மும் வந்துவிட்டது. நாள்கணக்கில் கையை ஓட்டுவது எங்கே, சில நிமிடத்தில் ஆளைச் சாய்க்கும் புட்டி எங்கே? ஓராண்டு முடிந்ததும் அரசு ஒதுங்கிக்கொண்டது. ஊர்க்காரர்கள் நன்கொடை திரட்டி மருத்துவமனையைக் கொஞ்ச காலம் நடத்தினார்கள். 1851-இல் எஸ்டெய்ல் ஊர் திரும்பினார்.

மெஸ்மெரிசம் போய்ச் சேர்ந்தது சரிதான். ஆனால் அதோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டது.

ஹைதராபாத்தில் எண்ணப்பட்டவை

அடுத்த நாற்பது ஆண்டுகள் டாக்டர்களின் கவலை வேறு. குளோரோஃபார்ம் ஆளைக் கொன்றது. 1848 ஜனவரி 28-இல் இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்து, சில நிமிடத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு சாவுகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று உலகமே இரண்டு கட்சியானது.

தீர்ப்பு சொல்லப் புறப்பட்டது ஹைதராபாத். அங்கே ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, மூச்சைக் கவனித்தால் போதும், நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் ஆள் சாகிறான் என்று நம்பியவர். 1888-இல் ஒரு கமிஷன், நாய்களை வைத்து. லண்டன் ஒப்புக்கொள்ளவில்லை. நிஜாம் மஹபூப் அலி கான் 1,000 பவுண்டு கொடுத்து, லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற பெரிய மருந்தியல் நிபுணரை வரவழைத்தார். 1889-இல் இரண்டாம் கமிஷன். நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என்று அறுநூறு பிராணிகள் வரை. இதயம்தான் நிற்கிறது என்ற கட்சியில் வந்த பிரன்டனே கட்சி மாறினார். முதலில் நிற்பது மூச்சுதான் என்று தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு முழுக்கச் சரியில்லை. குளோரோஃபார்ம் லேசாக இருக்கும்போதே, பயத்தில் சுரக்கும் அட்ரினலினோடு சேர்ந்து இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைத்து நிறுத்திவிடும் என்று 1911-இல் குட்மன் லெவி காட்டினார். ஆனால் ஹைதராபாத்திலிருந்து நமக்குக் கிடைத்த நல்லது ஒன்றும் உண்டு. லாரியின் மாணவி ரூபாபாய் ஃபர்தூன்ஜி அங்கே குளோரோஃபார்ம் கொடுப்பதைத் தொழிலாகவே செய்தார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

என் கேள்விக்கு ஹைதராபாத்தில் பதில் இல்லை. அங்கே எண்ணியது மூச்சை, துடிப்பை, சாவை. அது நியாயம்தான், முதலில் ஆள் பிழைக்க வேண்டுமே. உள்ளே என்ன தெரிந்தது என்று நாயிடம் கேட்கவும் முடியாது.

அறுந்த மணி

ஈதர், குளோரோஃபார்ம் காலத்தில் நோயாளிக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. மயக்கம் குறைந்தால் கை அசையும், முனகுவார், மூச்சு மாறும். டாக்டர் இன்னும் கொஞ்சம் மருந்து கொடுப்பார். உடலே அலாரம் மணி.

1942 ஜனவரி 23-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித் என்ற டாக்டர் அறுவை சிகிச்சையில் க்யுராரே பயன்படுத்தினார். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் விஷம் இது. தசைகளைத் தளர்த்திவிடும். வயிற்றுத் தசை இறுக்கமாக இருந்தால் சர்ஜனால் உள்ளே வேலை செய்ய முடியாது. அதைத் தளர்த்த அதற்கு முன் ஆபத்தான அளவுக்கு ஈதர் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது கொஞ்சம் மயக்க மருந்தும் கொஞ்சம் க்யுராரேயும் போதும். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மாற்றம் இது. இன்றும் வயிற்று ஆபரேஷன்களில் இதன் வாரிசு மருந்துகள்தான்.

ஆனால் மணியின் கம்பி அறுந்தது. தசை தளர்ந்தவர் விழித்துக்கொண்டாலும் அசைய முடியாது. க்யுராரேவுக்கே கொஞ்சம் மயக்கும் சக்தி உண்டு என்றுகூட அப்போது சில டாக்டர்கள் நம்பினார்கள். 1947-இல் வெளியான ஒரு ஆய்வுக்காக, அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருந்து நிபுணர், மயக்க மருந்து எதுவும் இல்லாமல் முழு அளவு க்யுராரேயைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். மூச்சுவிடும் தசைகளும் நின்றுபோய், சக டாக்டர்கள் காற்று ஊத, ஒரு இமையைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தார். மருந்து இறங்கியதும், சுற்றி நடந்தது, பேசியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். நினைவு ஒரு நொடிகூடத் தப்பவில்லை.

இதைப் படித்த ராத்திரி நான் லேப்டாப்பை மூடிவிட்டு ஹாலுக்குப் போனேன். அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, எல்லாம் கேட்டது. நாற்பது வருடமாக அவர் சொன்னதும் ஸ்காட் ஸ்மித் சொன்னதும் ஒன்றுதான். அவர் டாக்டர், சொன்னதை ஆய்விதழில் போட்டார்கள். இவர் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளியின் மனைவி, கனவு என்று சொல்லி அனுப்பினார்கள். ஹூக்ளிக் கைதிகள் "வலிக்கவில்லை" என்றபோது எஸ்டெய்ல் உடனே நம்பினார், அது அவருக்குத் தேவையாக இருந்தது. அம்மா "வலித்தது" என்றபோது நம்ப வேண்டிய தேவை யாருக்கும் இல்லை, என்னையும் சேர்த்து.

மூளைக்குள் கெட்டிமேளம்

சரி, மயக்க மருந்து மூளையில் என்னதான் செய்கிறது? ஸ்விட்சை அணைப்பது போல என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை.

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1924-இல் முதலில் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். இ.இ.ஜி. என்கிறோமே, அது. 1937-இல் அமெரிக்காவில் கிப்ஸ் தம்பதியும் லெனாக்ஸும், மருந்துகளுக்கு ஏற்ப இந்த அலைகள் மாறுகின்றன, எனவே மயக்கத்தின் ஆழத்தை இதை வைத்து அளக்கலாம் என்று எழுதினார்கள். அது நடைமுறைக்கு வர அறுபது ஆண்டு ஆயிற்று.

இன்று அதிகம் பயன்படுவது புரோபோஃபால். பால் போல வெள்ளையாக இருக்கும் மருந்து, 1980-களில் வந்தது. மூளையில் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருள் உண்டு. புரோபோஃபால் அதன் கையைப் பலப்படுத்துகிறது. விளைவு, மூளை அமைதியாகிவிடுவதில்லை. நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான பெரிய மெதுவான அலைகள் எழுகின்றன. அதோடு நெற்றிப் பக்கத்தில் நொடிக்கு 8 முதல் 12 முறை அடிக்கும் ஒரே சீரான தாளம் ஒன்றும் கேட்கிறது.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் ஆயிரம் விஷயம் பேசுகிறார்கள். பந்திக்கு ஆள் போகிறது, மொய்க் கணக்கு நடக்கிறது, ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேர்கிறது. திடீரென்று கெட்டிமேளம். சத்தம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. ஆனால் யாரும் யாரிடமும் எதுவும் பேச முடியாது. எல்லோர் காதிலும் ஒரே தாளம். புரோபோஃபால் செய்வது கிட்டத்தட்ட இதுதான். மூளையின் பகுதிகள் உயிரோடுதான் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதுதான் நிற்கிறது. பிரக்ஞை என்பது அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் இன்று நினைக்கிறார்கள்.

எல்லா மருந்தும் இப்படி இல்லை. கெட்டமின் கொடுத்தால் இந்தத் தாளமே வராது, அலைகள் வேகமாக ஓடும். ஆள் வெளியுலகத்தோடு தொடர்பறுந்து கிடப்பார், ஆனால் உள்ளே விசித்திரமான கனவுகள் ஓடிக்கொண்டிருக்கலாம். மிடாசோலம் இன்னொரு வகை. என் பெரியப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்வதற்கு முன் அதைக் கொஞ்சம் போட்டார்கள். டாக்டர் திரும்பச் சொன்னால் திரும்பினார், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், நடுவில் திட்டவும் செய்தாராம். வெளியே வந்து என்னிடம், "எப்பப்பா ஆரம்பிப்பாங்க?" என்றார். ஓடிய ப்ரோக்ராம், எழுதாத லாக். எஸ்டெய்லைச் சோதித்த குழு பார்த்த அதே காட்சி.

ஆக, அசையாமல் இருப்பது ஒன்று, உணராமல் இருப்பது ஒன்று, நினைவில் இல்லாமல் இருப்பது மற்றொன்று. மூன்றையும் மூன்று தனித்தனி மருந்துகளால் செய்ய முடியும்.

கையை அழுத்துங்கள்

அப்படியென்றால் உணர்வு இருக்கிறதா என்பதை ஆபரேஷன் நடக்கும்போதே கேட்டுப் பார்த்தால் என்ன? 1977-இல் டன்ஸ்டால் என்ற டாக்டர் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். தசை தளர்த்தும் மருந்தைக் கொடுப்பதற்கு முன், ஒரு முழங்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவார். மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாது. உடம்பு முழுக்கக் கட்டிப்போட்டிருந்தாலும் அந்த ஒரு கை அசையும். பிறகு காதருகே, கேட்கிறதா, கேட்டால் என் கையை அழுத்துங்கள் என்பார்கள்.

2017-இல் பல நாட்டு மருத்துவமனைகளில் 260 பேரிடம் இதைச் செய்து பார்த்த முடிவு வந்தது. மூச்சுக்குழாய் போட்ட பிறகு, 12 பேர் கையை அழுத்தினார்கள். நூற்றுக்கு 4.6. இப்படிக் கையை அழுத்தியவர்களுக்கு எழுந்த பிறகு அது நினைவில் இருப்பது அபூர்வம்.

நினைவோடு வெளியே வருபவர்கள் மிகக் குறைவு. 2014-இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், தாமாக வந்து சொன்னவர்கள் சுமார் 19,000 பேருக்கு ஒருவர். தசை தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் சுமார் 8,000-க்கு ஒருவர், கொடுக்காவிட்டால் 1,36,000-க்கு ஒருவர். மணிக்கம்பி அறுந்தது என்றேனே, அது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. அந்த அறிக்கையில் என்னை உட்காரவைத்தது இன்னொரு தகவல். ஒருவர் தனக்கு நடந்ததை 62 ஆண்டு கழித்து அப்போதுதான் முதலில் சொல்லியிருக்கிறார். வலியைவிட, அசைய முடியவில்லையே என்ற பயம்தான் பலரையும் அதிகம் பாதித்தது என்றும் அதில் இருக்கிறது. நடந்ததைக் கேட்டு, நம்பி, விளக்கினால் அந்தப் பாதிப்பு குறைகிறது என்றும் இருக்கிறது.

அம்மா கேட்ட கேள்வி

இவ்வளவையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. "அன்னைக்கு நீ சொன்னது நிஜம்மா. இப்படி நடக்கும். புஸ்தகத்திலேயே இருக்கு" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தோம். முப்பத்தைந்து வயது இருக்கும், இளம் பெண். "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களாம்மா, அப்போ பிரச்சனை ஏதும் இருந்ததா?" என்று வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மண்ணெண்ணெய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டார் அம்மா. "நம்பறேன்மா. அன்னைக்கே யாராவது உங்ககிட்ட உக்காந்து பேசியிருக்கணும்" என்றார் டாக்டர். இப்போது மூச்சில் எவ்வளவு மயக்க வாயு இருக்கிறது என்பதை மெஷினே காட்டும், நெற்றியில் ஒட்டும் பட்டை மூளை அலையை 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகச் சொல்லும், 40-க்கும் 60-க்கும் நடுவில் வைத்துக்கொள்வோம் என்று விளக்கினார். நான் என் புத்தக அறிவைக் காட்ட, "அந்த எண் மட்டும் போதுமா டாக்டர்?" என்றேன். "போதாது. அதனாலதான் நாங்க பக்கத்துலயே இருக்கோம்" என்றார். தசை மருந்து இல்லாமல் இந்த ஆபரேஷன் முடியாது, அதையும் ஒளிக்காமல் சொன்னார். அம்மா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மதியம் வார்டுக்கு வந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "ஒண்ணுமே தெரியலைடா." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தண்ணீர் கேட்டார், உதட்டை மட்டும் நனைத்தேன்.

காலியான லாக்கைப் பற்றிய என் வாதம் அப்போது தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லவில்லை. நாற்பது வருடத்தில் முதல் முறையாக நான் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் அந்த டாக்டர் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏதாவது கேட்டுச்சாம்மா? ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டார். இரண்டுக்கும் அம்மா தனித்தனியாக யோசித்துப் பதில் சொன்னார்.